டக்கிள் கணக்கில் முதலிடம் பிடித்தவன்தான் நல்ல நடுக்களக்காரனா?

நோட்டுக்கொப்பி எழுதியது:

வணக்கம் மக்களே. திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் எங்கள் கழகத்தின் உதைபந்தாட்ட லீக் ஆட்டங்களுக்கு இந்த முறை கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத் தொடங்கிய வேலை. டக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது), இடைமறிப்பு, அடித்து வெளியேற்றியது என்று மூன்று நிரல் போட்டு, ஒவ்வொருவன் இலக்கத்துக்கும் நேரே கோடு கிழித்துக்கொண்டு வந்தேன். ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது.

தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கிற அந்த ஒரு இடத்துக்கு இப்போது இரண்டு பேர். 14ஆம் இலக்கமும் 22ஆம் இலக்கமும். பெயர் வேண்டாம், இரண்டு வீட்டிலும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். என் கொப்பியில் 14க்கு இருக்கிற கோடுகள் 22க்கு இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் 22 நிற்கிற நாளில்தான் எனக்கு நெஞ்சு பதறாமல் ஆட்டம் பார்க்க முடிகிறது.

சும்மா இருக்கமாட்டாமல் கொப்பியைக் கழகக் குழுவிடம் காட்டினேன். "பிறகென்ன, கணக்கே சொல்லுதே" என்று 14இன் பெயரை எழுதிவிட்டார்கள். என் கண் பிழையா, கொப்பி பிழையா? விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலையான் எழுதியது:

கண் பிழை. கண்ணுக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்று உண்டு, கொப்பிக்கு இல்லை. 2015-16இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வென்றபோது அவர்களின் நடுக்களக்காரர் கான்டே 175 டக்கிள். லீக்கிலேயே அதுதான் அதிகம். அதற்கு முந்தின வருடம் அவர் பிரான்ஸில் கான் என்ற சின்னக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார், நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? லெஸ்டரிலிருந்து செல்சிக்குப் போனார், அங்கேயும் அடுத்த வருடமே கிண்ணம். ஆள் குள்ளம், பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி. கண்ணை நம்பியிருந்தால் யார் எடுத்திருப்பார்கள்?

14ஐப் போட்டது சரி. அடுத்த விசயத்துக்கு வாங்கோ.

டொக்யாட்_ரீச்சர் எழுதியது:

தம்பி உவர்மலையான், கான்டேயைப் பற்றிச் சொன்னது சரி. அதே வருடம் அதே பட்டியலில் கான்டேக்கு அருகில் இன்னொரு பெயரும் இருந்தது: இத்ரிசா கேயே, அஸ்டன் வில்லா. அந்த வில்லா 38 ஆட்டத்தில் 3 வெற்றி, 17 புள்ளி, கடைசி இடம், கீழ்ப்பிரிவுக்கு இறக்கம். டக்கிள் கணக்கின் உச்சியில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் சம்பியன், மற்றவர் அட்டவணையின் அடியில். இரண்டு அணிக்கும் பொதுவான விசயம், பந்து பெரும்பாலும் எதிரணியின் காலில்தான் இருந்தது. பந்து எதிராளியிடம் இருந்தால்தானே அதைப் பறிக்கலாம். உங்கள் அணியே பந்தை வைத்துக்கொண்டு நின்றால் யாரிடம் போய் டக்கிள் போடுவது?

கேயேயைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அணி மூழ்கியபோது தனியாகத் தண்ணீர் இறைத்த மனிதர் அவர், பிறகு எவர்ட்டனில் நன்றாகவே ஆடினார். ஆனால் அது அந்த எண்ணிக்கையை வைத்து எனக்குத் தெரிந்ததல்ல.

நான் கணித ஆசிரியை, ஆகவே ஒரு கணக்குப் போட்டே தீருவேன். 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உருளுவது 56 நிமிடம் என்று வையுங்கள். ஒரு அணி அதில் 65 சதவீதம் பந்தை வைத்திருந்தால் எதிரணியிடம் பந்து இருந்தது கிட்டத்தட்ட 20 நிமிடம். இன்னொரு அணி 40 சதவீதம் மட்டும் வைத்திருந்தால் எதிரணியிடம் கிட்டத்தட்ட 34 நிமிடம். முதல் அணியின் நடுக்களக்காரன் 2 டக்கிள், இரண்டாவது அணிக்காரன் 3 டக்கிள். மேலோட்டமாகப் பார்த்தால் 3தான் பெரிது. பத்து நிமிடத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்: முதலாமவனுக்கு 1, இரண்டாமவனுக்கு 0.9கூட இல்லை. வரிசை தலைகீழாகிவிட்டது.

கொப்பித் தம்பி, 14 எந்தெந்த ஆட்டங்களில் ஆடினான், 22 எதில் ஆடினான்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கிண்ணியா_பாலம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ரீச்சர் சொன்னதை எங்கள் வாப்பா கேட்டிருந்தால் ஒரே வசனத்தில் முடித்திருப்பார். கரைவலையில் ஒருவனுக்கு நிறைய மீன் பட்டது என்றால் முதலில் கேட்பது "எந்தப் பாடு?", அதாவது எந்தக் கரைத்துண்டில் வலை போட்டான் என்பதைத்தான். பாடு நல்லதாக இருந்தால் ஓட்டை வலைக்கும் மீன் படும். மீனே வராத பாட்டில் புது வலை போட்டாலும் பாசிதான் ஏறும். கரையில் கொட்டிக் கிடக்கிற குவியலை மட்டும் பார்த்து வலையை விலை பேசினால் ஏமாந்து போவோம்.

இன்னொன்று. 14க்கு எதிராக நான் போன வருடம் ஆடியிருக்கிறேன், ஆகவே இது நேரில் கண்டது. நல்ல பொடியன், மூச்சு விடாமல் ஓடுவான். ஆனால் அவனை இழுத்து வெளியே எடுப்பது சுலபம். பந்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் காட்டினால் போதும், பாய்ந்து வருவான். அவன் வந்த இடம் காலி. நாங்கள் அந்தக் காலி இடத்துக்குள்ளேயே ஆடினோம். பிறகு அவனே திரும்பி ஓடிவந்து பின்னாலிருந்து ஒரு டக்கிள் போடுவான், சனம் கைதட்டும். கொப்பியில் அவனுக்கு ஒரு கோடு விழும். அந்தத் தொல்லையைத் தொடக்கியவனும் அவன்தான் என்று கொப்பிக்கு எப்படித் தெரியும்?

பழைய_ஸ்டொப்பர் எழுதியது:

கிண்ணியாத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் மக்கெய்சர் மைதானத்தில் பின்னால் நின்று ஆடியவன். முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி. எனக்கு முன்னால் நின்றவன் நன்றாக ஆடிய நாட்களில் என் காற்சட்டையில் மண் படாது. அவன் காற்சட்டையிலும் படாது. பந்து வருகிற வழியில் முதலே போய் நின்றுவிடுவான், எதிராளி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு வேறு பக்கம் கொடுத்துவிடுவான். அவ்வளவுதான். அதற்கு எந்த நிரலில் கோடு போடுவது?

சாபி அலொன்சோ 2011இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். லிவர்பூலில் இருந்த காலத்தில் இளம் வீரர்களிடம் "உன் பலம் என்ன" என்று கேட்டால் டக்கிள் என்று சொல்வார்களாம், அது அவருக்கு விளங்கவே இல்லையாம். டக்கிள் என்பது வேறு வழி இல்லாதபோது செய்வது, அதை ஒரு திறமையாக வளர்க்க நினைப்பது எப்படி என்பது அவருடைய கேள்வி. ஸ்பெயினுடன் உலகக் கிண்ணம் வென்ற நடுக்களக்காரர் சொல்வது இது.

யாப் ஸ்டாம் கதையும் உண்டு. அவர் தடுப்பாளர், ஆனால் பாடம் ஒன்றுதான். 1999இல் மான்செஸ்டர் யுனைட்டட் மூன்று கிண்ணம் எடுத்தபோது பின்வரிசையின் தூண். 2001இல், ஸ்டாமுக்கு 29 வயதில், பயிற்றுவிப்பாளர் பேர்கசன் அவரை லாசியோவுக்கு விற்றார். அவருடைய டக்கிள் எண்ணிக்கை குறைந்து வந்ததும் ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். காயம் பற்றிய கவலையும், வந்த விலையும் இருந்தன என்பதையும் நான் மறைக்கவில்லை. எப்படியோ, விற்றது தவறு என்று பிறகு பேர்கசனே ஒப்புக்கொண்டார். ஸ்டாம் அதற்குப் பிறகும் இத்தாலியில் உயர் மட்டத்தில் ஆடி, 2005இல் மிலான் அணியோடு சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை போனார்.

கோட்டை_மான் எழுதியது:

டவுனில் திரிகிற மான்களில் ஒன்று போன மாதம் பயிற்சி நேரத்தில் குறுக்கே வந்து ஒரு பாஸை வயிற்றால் தடுத்தது. கொப்பி அண்ணை, இடைமறிப்பு நிரலில் அதற்கும் ஒரு கோடு போட்டீர்களா? எந்த நடுக்களக்காரனும் அன்று அந்த இடத்தில் நிற்கவில்லை.

உவர்மலையான் எழுதியது:

மானுக்கு சிவப்பு அட்டை.

சரி, எல்லோரும் சேர்ந்து என்னை அமுக்கப் பார்க்கிறீர்கள். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். டக்கிள் போடாதவன் நல்ல இடத்தில் நிற்கிறான் என்றால், நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டக்கிளும் போடுவதில்லை. நானும் பார்சிலோனாவின் நடுக்கள மேதை புஸ்கெட்ஸா? சோம்பேறிக்கும் கோடு இல்லை, மேதைக்கும் கோடு இல்லை என்றால் இரண்டு பேரையும் எப்படிப் பிரிப்பது? "கண்ணால் பார்" என்று சொன்னால் திரும்பவும் மாமன் மச்சான் பார்த்துத்தான் அணி தெரிவார்கள். கொப்பி வந்ததே அதை நிறுத்தத்தான்.

டொக்யாட்_ரீச்சர் எழுதியது:

இது நல்ல கேள்வி. இந்த இழையிலேயே நல்லது இதுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன், ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் குவிந்து கிடக்கிறது.

ஸ்காபரோத்_திருமலை எழுதியது:

இங்கே இரவு இரண்டு மணி, நித்திரை வரவில்லை. தரவு வேலைதான் என் தொழில் (உதைபந்தாட்டத் தரவு இல்லை, காப்புறுதி). ஆகவே கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர் போட்ட கணக்கு உதைபந்தாட்டத் தரவுத் துறையில் 2014 வாக்கிலேயே வந்துவிட்டது. ஸ்டாட்ஸ்பொம்ப் என்ற தளத்தில் டெட் நட்சன் என்பவர் எழுதினார்: பந்து யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு ஏற்பத் தடுப்பு எண்ணிக்கைகளைத் திருத்து என்று. நல்ல திருத்தம், ஆனால் அதோடு முடிந்துவிடாது. எதிராளியிடம் பந்து இருக்கிற எல்லா நிமிடமும் ஒரே மாதிரி என்று அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் பயிற்றுவிப்பாளர் "பின்னுக்குப் போய் நில்லுங்கள், பாயாதீர்கள்" என்றால் எதிராளி 30 நிமிடம் பந்தை வைத்திருந்தாலும் டக்கிள் போட இடமே வராது. "போய் நெருக்கு" என்றால் பத்தே நிமிடத்தில் மழை மாதிரி வரும். அணி எவ்வளவு நெருக்குகிறது என்று அளக்க, தடுப்புச் செயல் ஒன்றுக்கு எதிராளி எத்தனை பாஸ் ஆடினான் என்றும் எண்ணுகிறார்கள். ஆனால் அது முழு அணியின் குணம். அதை ஒரு ஆளின் தலையில் கட்ட முடியாது.

பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும் இருக்கிறது. மிலானில் பிர்லோவும் கட்டுசோவும் சேர்ந்து 2003, 2007 என்று இரண்டு சம்பியன்ஸ் லீக் எடுத்தார்கள். கட்டுசோ விழுந்து புரண்டு பறிக்க, பிர்லோ அதை வாங்கி விநியோகிப்பார். வேலையைப் பிரித்துக்கொண்ட இரண்டு பேரை ஒரே நிரலில் போட்டு ஒப்பிட்டால், சமையல்காரரையும் பரிமாறுகிறவரையும் "யார் அதிக வெங்காயம் உரித்தார்" என்று கேட்ட மாதிரி.

டக்கிள் என்றால் என்ன என்பதிலும் சிக்கல் உண்டு. ஆட்டத் தரவு சேகரிக்கிற ஒப்டா நிறுவனத்தின் வரையறையில் பந்து வைத்திருப்பவனிடமிருந்து அதைக் காலால் தட்டிவிட்டால் டக்கிள். அந்தப் பந்து பிறகு எதிராளியின் கூட்டாளியிடமே போய்ச் சேர்ந்தாலும் அது டக்கிள்தான், "வென்ற டக்கிள்" என்ற கணக்கில் மட்டும் சேராது. பாய்ந்து ஏமாந்து, எதிராளி உங்களைத் தாண்டிப் போய்விட்டால் அது வேறு கணக்கு. ஆளைத் தட்டி விழுத்தினால் தவறு, அதுவும் வேறு கணக்கு. இப்போது ஒருவன் ஆறு தடவை பாய்ந்து மூன்றில் எடுக்கிறான், இரண்டில் ஏமாறுகிறான், ஒன்றில் ஆளை விழுத்துகிறான். இன்னொருவன் மூன்று தடவை பாய்ந்து மூன்றிலும் எடுக்கிறான். டக்கிள் நிரலில் இரண்டு பேருக்கும் 3. கொப்பித் தம்பி, ஏமாந்ததற்கு நிரல் போட்டீர்களா?

ஆகக் கிட்டத்தில் நடந்த கதை நடுக்களக்காரர் பலின்யாவுடையது. புல்ஹாமில் 2022-23, 2023-24 இரண்டு பருவத்திலும் பிரீமியர் லீக்கில் அதிக டக்கிள் அவருடையது. பயேர்ன் மியூனிக் 2024இல் பெரிய காசு கொடுத்து வாங்கியது. அங்கே தொடக்க அணியில் இடம் கிடைத்த ஆட்டங்கள் கொஞ்சம்தான், அடுத்த கோடையில் டொட்டன்ஹாமுக்கு இரவலாகப் போய்விட்டார். காயமும் குறுக்கே வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பயேர்ன் ஆடுகிற விதத்தில் அந்த இடத்துக்காரனுக்கு நாள் முழுக்கப் பந்தை வாங்கிக் கொடுக்கிற வேலை. அவர் நன்றாகச் செய்கிற வேலைக்கு அங்கே தேவை குறைவு. ஆள் மாறவில்லை. பாடு மாறிவிட்டது, கிண்ணியா நானா சொன்ன மாதிரி.

நோட்டுக்கொப்பி எழுதியது:

அண்ணைமாரே, ரீச்சர், எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்றிரவு கொப்பியைத் திரும்ப விரித்துப் பார்த்தேன்.

ரீச்சர் கேட்டதற்கு முதலில் பதில். 14 ஆடியதில் மூன்று ஆட்டம் பெரிய கழகங்களோடு, நாங்கள் முழு நேரமும் பின்னுக்கு நின்று அடிவாங்கியவை. 22 ஆடியது பெரும்பாலும் நாங்கள் முன்னிலையில் இருந்த ஆட்டங்கள். ஏமாந்ததற்கு நிரல் இல்லை. அது என் மண்டையில் ஏறவே இல்லை.

இதைவிடக் கேவலம் இன்னொன்று. நான் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரங்களில் அக்காவின் மகன்தான் கோடு போடுவான். 12 வயது. அவன் போட்ட பக்கங்கள் வேறு நிற மையில் இருக்கின்றன, ஆகவே எண்ண முடிந்தது. என்னுடைய அரை மணிநேரத்தைவிட அவனுடைய கால் மணிநேரத்தில் அதிக டக்கிள். கூப்பிட்டுக் கேட்டேன். "ஆள் விழுந்தா டக்கிள்தானே மாமா" என்கிறான். 14 தவறு செய்து ஆளை விழுத்தியதெல்லாம் அவன் கணக்கில் டக்கிள்.

உவர்மலையான் எழுதியது:

ஹா ஹா. மருமகனைக் குழுவில் போடுங்கள், அங்கே இருக்கிறவர்களைவிட அவனுக்கு ஒரு தெளிவான வரையறையாவது இருக்கிறது.

கொப்பி பிழை, ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி அப்படியே நிற்கிறது.

டொக்யாட்_ரீச்சர் எழுதியது:

விடைத்தாள் முடிந்தது. (முடியவில்லை, அலுத்துவிட்டது.)

சோம்பேறியையும் மேதையையும் அந்த ஆளின் கோடுகளை வைத்துப் பிரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவனைச் சுற்றி என்ன நடந்தது என்று எண்ணவேண்டும். தடுப்பு வரிசைக்கு முன்னால் இருக்கிற அந்தச் சதுரத்துக்குள் எதிராளி முன்பக்கம் திரும்பிய நிலையில் எத்தனை தடவை பந்தை வாங்கினான்? உள்ளே கொடுக்க நினைத்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, வழி இல்லாமல் எத்தனை தடவை பின்னுக்கு அனுப்பினான்? உவர்மலையான் அந்த இடத்தில் சோம்பேறித்தனமாக நின்றால் முதல் எண்ணிக்கை ஏறும். நல்லவன் நின்றால் இரண்டாவது ஏறும். இரண்டு பேருமே ஒரு டக்கிளும் போடாமல் இருக்கலாம்.

அப்படி எண்ணினாலும் ஆறு ஆட்டம் போதாது. அதுவும் இந்த மாதத்தில். கச்சான் காற்று அடிக்கிற பின்னேரத்தில் உயரத் தூக்கிய பந்து எங்கே விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. காற்று ஒரு பக்கம் தள்ளுகிற பாதியில் இடைமறிப்பும் வெளியேற்றமும் சும்மா வந்து காலில் விழும்.

பழைய_ஸ்டொப்பர் எழுதியது:

ரீச்சர், ஆள் இருந்த ஆட்டம், இல்லாத ஆட்டம் என்று பிரித்துப் பார்க்கலாமே? நடுக்களக்காரர் றொட்றி 2023 பெப்ரவரியிலிருந்து 2024 மே வரை மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிய 74 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2024 செப்டம்பரில் ஆர்சனலுடன் முழங்கால் போனது. அந்த வருடக் கடைசியில் சிட்டிக்கு 13 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதும் றொட்றிக்குத்தான் கொடுத்தார்கள், டக்கிளுக்காக இல்லை. 2003இல் தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்ற மக்கலேலேயை விற்ற ரியல் மட்ரிட்டும் அடுத்த பருவம் கடைசி ஐந்து லீக் ஆட்டத்தையும் தோற்று நாலாம் இடத்துக்குப் போனது.

ஸ்காபரோத்_திருமலை எழுதியது:

பார்க்கலாம் ஐயா, ஆனால் அதிலும் கவனம் வேண்டும். சிட்டியில் அந்த மாதங்களில் வேறு பலரும் காயம், சிலருக்கு வயதும் ஏறிவிட்டது. மட்ரிட்டும் அந்த வருடம் பயிற்றுவிப்பாளரை மாற்றியிருந்தது. எல்லாத் தோல்வியையும் இல்லாதவன் கணக்கில் எழுதினால் அதுவும் ஒருவகைக் கொப்பிப் பிழைதான். றொட்றி பெரிய ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 13க்கு 1 என்பது முழுக்க அவருடைய பெறுமதி என்பதில்தான் சந்தேகம்.

கிண்ணியா_பாலம் எழுதியது:

கொப்பித் தம்பி, 14ஐயும் கழித்துவிடாதீர்கள். நாங்கள் கோல் பின்தங்கி, எப்படியாவது பந்தைப் பறிக்கவேண்டிய கடைசி இருபது நிமிடத்துக்கு அவனைப்போல ஒருவன் வேண்டும். பக்கத்தில் 22ஐ நிறுத்தி இவனை ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா? இரண்டில் ஒன்று என்று கேட்டதே தப்போ தெரியாது.

நோட்டுக்கொப்பி எழுதியது:

நானா, அதை நான் குழுவிடம் சொன்னேன். "முன்னுக்கு ஆள் குறையும்" என்று ஒருவர், "பார்ப்போம்" என்று ஒருவர். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நேற்று ரீச்சர் சொன்ன மாதிரி எண்ணிப் பார்த்தேன். கொப்பியில் மைதானத்தை வரைந்து அந்தச் சதுரத்தைப் போட்டு, பந்தின் பின்னால் கண்ணை விடாமல் 22ஐயும் அந்தச் சதுரத்தையும் மட்டும் பார்த்தேன். பந்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் கோலை நான் காணவே இல்லை, சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அரைமணி நேரத்தில் எதிராளி உள்ளே பார்த்துவிட்டுப் பின்னுக்கு அனுப்பியது ஒன்பது தடவை. சதுரத்துக்குள் திரும்பி வாங்கியது ஒரு தடவை. 22இன் டக்கிள் பூச்சியம். இது ஒரே ஒரு அரைமணி நேரம், அதுவும் காற்று எங்கள் பக்கம், ஆகவே இதைத் தூக்கிக்கொண்டு குழுவிடம் ஓடமாட்டேன்.

அடுத்த ஞாயிறு 14 ஆடுகிறான். அவனையும் இதேபோல எண்ணவேண்டும், ஆனால் ஒருவனால் முடியாது. ஒருவர் சதுரத்தைப் பார்க்க, ஒருவர் அவன் பாய்ந்து ஏமாறுவதைப் பார்க்கவேண்டும். யார் வருகிறீர்கள்? தேத்தண்ணி என் செலவு, மருமகன் வீட்டில் நிற்பான்.

உவர்மலையான் எழுதியது:

நான் வருகிறேன். 14 பக்கத்துக்குத்தான் இன்னும் என் வாக்கு, சொல்லிவிட்டேன். பேனை இரண்டு கொண்டுவாங்கோ.